ஆர்எக்ஸ் 100 வச்சிருக்கீங்களா? சிலிண்டருக்கு 4 முறைதான் 'போர்'... பிஸ்டன் பிடிக்காமல் பார்த்துக்கொள்வது எப்படி?

பைபாஸில் 70-ல் போய்க்கொண்டிருக்கிறீர்கள். திடீரென்று யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல வண்டியின் வேகம் இறங்குகிறது. 'கிரீச்' என்று ஒரு சத்தம். அடுத்த நொடி பின் சக்கரம் லாக். பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டி ஓட்டியவர்களுக்கு இது என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. "பிஸ்டன் பிடிச்சிருச்சு" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

ஓரம் கட்டி, பத்து நிமிஷம் ஆறவிட்டு, கிக் அடித்தால் பெரும்பாலும் மறுபடி ஸ்டார்ட் ஆகிவிடும். "ஓடுதே, அப்புறம் என்ன?" என்று அப்படியே வீட்டுக்கு ஓட்டி வந்துவிடுகிறோம். பிரச்சனை பெரிதாவது அந்தப் பயணத்தில்தான். சிலிண்டர் சுவரில் விழுந்த லேசான கீறல், வீடு வந்து சேர்வதற்குள் ஆழமான கோடாகிவிடும். அதன்பிறகு ஒரே வழி, சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது. மெக்கானிக் பாஷையில் 'போர் பண்றது'. ஒரு சிலிண்டருக்கு அதை 4 முறைதான் செய்ய முடியும்.

அப்பா ஓட்டிய வண்டி, மாமா கொடுத்த வண்டி, ஆசைப்பட்டுத் தேடிப்பிடித்து வாங்கிய வண்டி... எதுவாக இருந்தாலும் அந்த 4 வாய்ப்பை வீணாக்காமல் இருப்பது எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

அந்த 4 கணக்கு என்ன?

ஆர்எக்ஸ் 100 சிலிண்டரின் உள்விட்டம் 50 மி.மீ. பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரமும் 50 மி.மீ. இந்த இரண்டும் சேர்ந்துதான் 98 சிசி.

சுவரில் கோடு விழுந்தாலோ, ஓடி ஓடித் தேய்ந்தாலோ, லேத் பட்டறையில் கொடுத்து 0.25 மி.மீ. கடைந்து அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவார்கள். அடுத்த முறை 0.50. பிறகு 0.75. கடைசியாக 1.00. கடைகளில் வழக்கமாகக் கிடைக்கும் ஓவர்சைஸ் பிஸ்டன்கள் இந்த 4 அளவுகள்தான். 51 மி.மீ. தொட்டதும் கணக்கு முடிந்தது. அப்போது இன்ஜின் 102 சிசி ஆகியிருக்கும். ஆனால் அதில் சந்தோஷப்பட ஒன்றுமில்லை.

கோடு ஆழமாக இருந்தால் ஒரே தடவையில் இரண்டு அளவு தாண்ட வேண்டி வரும். அப்போது 4 என்பது 3 ஆகவோ, 2 ஆகவோ சுருங்கிவிடும்.

அதற்கப்புறம் புது ஸ்லீவ் இறக்கலாம். ஆனால் டூ-ஸ்ட்ரோக் சிலிண்டரின் சுவரில் ஜன்னல் மாதிரி 'போர்ட்' எனப்படும் திறப்புகள் உண்டு. புது ஸ்லீவின் திறப்புகள் சிலிண்டரின் வழிகளோடு சரியாகப் பொருந்த வேண்டும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தவறினாலும் அந்தப் பழைய 'பிக்கப்' வராது.

ஆர்எக்ஸ் 100 இந்தியாவில் அறிமுகமானது 1985-ல். உற்பத்தி நின்றது 1996-ல். கடைசியாக வந்த வண்டிக்கே இப்போது ஏறக்குறைய 30 வயது. உடைந்தால் ஷோரூமில் போய் வாங்கிக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இருக்கிற சிலிண்டரைக் காப்பாற்றுவதுதான் வண்டியைக் காப்பாற்றுவது.

டூ-ஸ்ட்ரோக்கில் மட்டும் ஏன் இப்படி?

இன்றைய ஃபோர்-ஸ்ட்ரோக் பைக்குகளில் இன்ஜின் ஆயில் கீழே தேங்கி நிற்கும். அங்கிருந்து பம்ப் மூலம் மேலே போய், எல்லாப் பாகங்களையும் நனைத்துவிட்டு, மறுபடி கீழே இறங்கும். ஒரே ஆயில் மாதக்கணக்கில் சுற்றி வரும்.

டூ-ஸ்ட்ரோக்கில் அந்த வசதி கிடையாது. கார்புரேட்டரில் இருந்து வரும் பெட்ரோலும் காற்றும் முதலில் கிரேங்க் இருக்கும் அடி அறைக்குப் போய், அங்கிருந்துதான் பிஸ்டனுக்கு மேலே ஏறுகின்றன. பெட்ரோல் போகிற பாதையில் ஆயிலைத் தேக்கி வைக்க முடியாது. அதனால் பெட்ரோலோடு சேர்ந்தே கொஞ்சம் ஆயிலும் போகிறது. போகிற வழியில் கிரேங்க் பேரிங்கை நனைக்கும், கனெக்டிங் ராடை நனைக்கும், சிலிண்டர் சுவரை நனைக்கும். கடைசியில் எரிந்து சைலன்சர் வழியாகப் புகையாக வெளியேறும்.

அதாவது, இந்த இன்ஜினுக்குள் சேமிப்பு என்று எதுவும் இல்லை. அன்றாடம் சம்பாதித்து அன்றாடம் சாப்பிடும் குடும்பம் மாதிரி. வரத்து சில நிமிஷம் நின்றாலே உள்ளே காய்ந்துவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பிஸ்டன் அலுமினியம், சிலிண்டரின் உள்சுவர் வார்ப்பிரும்பு. சூடானால் அலுமினியம் வேகமாக விரியும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி நூறில் சில பங்கு மில்லிமீட்டர்தான். சூடு அதிகமானால் பிஸ்டன் விரிந்து, ஆயில் படலத்தைக் கிழித்து, சுவரோடு ஒட்டிக்கொள்ளும். இதைத்தான் 'சீஸ்' என்கிறோம்.

சூடு ஏறக் காரணங்கள் மூன்றுதான்: ஆயில் குறைவது, காற்று அதிகமாவது, ஓட்டுகிற விதம். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஆயில்: எது வாங்கணும், எவ்வளவு ஊற்றணும்?

முதல் விஷயம், டூ-ஸ்ட்ரோக் ஆயிலும் கியர் பாக்ஸ் ஆயிலும் வேறு வேறு. கியர் பாக்ஸில் ஊற்றும் ஆயிலைப் பெட்ரோலில் கலந்தால் சரியாக எரியாது. கார்பன் படிந்து பிளக் அடைக்கும்.

டப்பாவில் 'ஜேசோ' தர முத்திரை இருக்கிறதா பாருங்கள். எஃப்.பி., எஃப்.சி., எஃப்.டி. என்று தரங்கள் உண்டு. எஃப்.சி. புகை குறைவாக விடும். எஃப்.டி. இன்ஜினை இன்னும் சுத்தமாக வைத்திருக்கும். எஃப்.சி. அல்லது எஃப்.டி. என்றால் நம்பி வாங்கலாம். 'டிசி-டபிள்யூ3' என்று மட்டும் போட்டிருந்தால் அது தண்ணீரால் குளிரூட்டப்படும் படகு இன்ஜின்களுக்கானது. காற்றில் ஆறும் நம்ம வண்டிக்கு அது வேண்டாம்.

இரண்டாவது, அளவு. ஆர்எக்ஸ் 100-ல் தனி ஆயில் டேங்க்கும் பம்ப்பும் உண்டு. ஆக்சிலரேட்டர் கேபிள் இரண்டாகப் பிரிந்து ஒன்று கார்புரேட்டருக்கும் மற்றொன்று பம்ப்புக்கும் போகும். எவ்வளவு முறுக்குகிறோமோ, இன்ஜின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ, அதற்கேற்ப ஆயில் போகும். அருமையான ஏற்பாடு. ஆனால் 30 வருஷம் ஆன பம்ப் சரியாக வேலை செய்கிறதா என்பதுதான் கேள்வி. அந்தப் பயத்திலேயே பல மெக்கானிக்குகள் பம்ப்பைக் கழற்றிவிட்டு, "பெட்ரோல்லயே கலந்து ஊத்திக்கோங்க" என்று சொல்லிவிடுகிறார்கள்.

கலந்து ஊற்றுபவர்களுக்கான கணக்கு இதோ. 1 லிட்டர் பெட்ரோலுக்கு:

- 50-க்கு 1 என்றால் 20 மி.லி.
- 40-க்கு 1 என்றால் 25 மி.லி.
- 33-க்கு 1 என்றால் 30 மி.லி.
- 25-க்கு 1 என்றால் 40 மி.லி.

பம்ப் இல்லாத வண்டிக்கு 25 முதல் 30 மி.லி. வரை பலரும் பயன்படுத்தும் அளவு. மருந்துக் கடையில் கிடைக்கும் அளவு குவளை ஒன்று வாங்கி வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கண் மதிப்பில் ஊற்றுவதுதான் ஆபத்து. பெட்ரோல் போடுவதற்கு முன்பே ஆயிலை டேங்க்கில் ஊற்றிவிட்டால், மேலே விழும் பெட்ரோலே அதைக் கலக்கிவிடும். ரிசர்வில் கொஞ்சம் பெட்ரோல் மிச்சமிருந்தால் மூடியைப் போட்டுவிட்டு வண்டியை இரண்டு தடவை ஆட்டிவிடுங்கள்.

"ஆயில் கூடப் போட்டா நல்லதுதானே?" என்று கேட்கலாம். அளவோடு கூடினால் பரவாயில்லை. ரொம்பக் கூடினால் பிளக் அடைக்கும், சைலன்சர் அடைக்கும். இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயமும் உண்டு. கார்புரேட்டர் ஜெட் வழியாக ஆயில் அதிகம் போனால், அந்த அளவுக்குப் பெட்ரோல் குறைவாகப் போகும். பெட்ரோல் குறைந்தால் சூடு ஏறும்.

பம்ப் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

- ஆயில் டேங்க்கை ஒருபோதும் காலியாக விடாதீர்கள். காலியாகிவிட்டால் குழாயில் காற்று புகுந்துவிடும். டேங்க்கை நிரப்பினால் மட்டும் போதாது. பம்ப்பில் உள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழ் நின்று ஆயில் மட்டும் வரும்வரை காற்றை வெளியேற்ற வேண்டும். அதுவரை பெட்ரோலிலும் ஆயில் கலந்து ஓட்டுங்கள்.
- ஆக்சிலரேட்டர் கேபிள் மாற்றினாலோ, டைட் வைத்தாலோ, பம்ப்பில் உள்ள குறியும் நேராக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கார்புரேட்டர் திறந்து பம்ப் திறக்காவிட்டால் முடிந்தது கதை.
- மழைக்குப் பிறகு ஆயில் டேங்க் மூடியைப் பாருங்கள். தண்ணீர் இறங்கியிருந்தால் பால் மாதிரி வெளுத்துத் தெரியும்.

காற்று: கண்ணுக்குத் தெரியாத எதிரி

ஆயில் எல்லாம் சரியாக ஊற்றியும் பிஸ்டன் பிடித்தால், அடுத்து சந்தேகப்பட வேண்டியது காற்றை.

பெட்ரோலும் காற்றும் ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் போக வேண்டும். எங்கேயாவது ஒரு ஓட்டை வழியாகக் கூடுதல் காற்று உள்ளே போனால் பெட்ரோலின் பங்கு குறைந்துவிடும். இதை 'லீன்' என்பார்கள். லீன் ஆனால் இரட்டை நஷ்டம்: சூடும் ஏறும், கலந்து ஓட்டுபவர்களுக்குப் பெட்ரோலோடு வரும் ஆயிலும் குறையும்.

காற்று எங்கிருந்து புகும்?

கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே உள்ள ரப்பர் இணைப்பு முதல் சந்தேகம். வருஷக்கணக்கில் சூடு பட்டு விரிசல் விட்டிருக்கும். கையால் மடக்கிப் பார்த்தால் தெரியும்.

அடுத்தது சிலிண்டருக்கு அடியில் உள்ள பேக்கிங். சுற்றிலும் ஈரமாக, கறுப்பாக ஆயில் கசிந்திருந்தால் அது அடையாளம்.

மூன்றாவதுதான் பலரும் கோட்டை விடும் இடம்: கிரேங்கின் இரண்டு பக்கமும் உள்ள ஆயில் சீல். மேக்னெட் பக்கத்து சீல் போனால் வெளிக்காற்றை உறிஞ்சும். ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் ரேஸ் சட்டென்று இறங்காமல் உறுமிக்கொண்டே இருக்கும். கிளட்ச் பக்கத்து சீல் போனால் கியர் பாக்ஸ் ஆயிலை உறிஞ்சும். வெள்ளைப் புகை நிற்காமல் வரும், கியர் ஆயில் அளவு குறைந்துகொண்டே போகும், ஆனால் கீழே ஒரு சொட்டுக்கூட ஒழுகியிருக்காது.

சரிபார்க்க நம்பகமான வழி, பிரஷர் டெஸ்ட். கார்புரேட்டர் வழியையும் சைலன்சர் வழியையும் அடைத்துவிட்டு உள்ளே 6 பி.எஸ்.ஐ. அளவுக்குக் காற்று ஏற்ற வேண்டும். நிமிஷத்துக்கு 1 பி.எஸ்.ஐ.க்கு மேல் இறங்கினால் கசிவு இருக்கிறது. சோப்பு நுரை தடவினால் குமிழ் வரும் இடம் காட்டிக்கொடுத்துவிடும். இன்ஜின் வேலை முடித்துத் தரும் மெக்கானிக்கிடம் இந்த டெஸ்ட்டைக் கேளுங்கள். ஒரு சீலின் விலை, ஒரு போர் வேலையின் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

ஏர் ஃபில்டர் விஷயத்தில் இரண்டு தவறுகள் சகஜம். ஒன்று, அதை மறந்தே போவது. இன்னொன்று, "சத்தம் நல்லா வரும்" என்று அதைக் கழற்றி எறிவது. ஃபில்டர் இல்லாவிட்டால் காற்றும் அதிகம் போகும், தூசியும் போகும். அந்தத் தூசி சிலிண்டருக்குள் உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும். ஸ்பாஞ்ச் ஃபில்டரைச் சோப்புத் தண்ணீரில் அலசி, முறுக்காமல் பிழிந்து, நிழலில் காயவைத்து, சில சொட்டு ஆயில் விட்டுப் பிசைந்து போட வேண்டும். ஆயில் பசைதான் தூசியைப் பிடிக்கும். காய்ந்த ஸ்பாஞ்சில் தூசி சல்லடையில் போவது போலப் போய்விடும்.

இ20 பெட்ரோலால் பாதிப்பு உண்டா?

பழைய வண்டிக்காரர்கள் இப்போது அதிகம் கேட்கும் கேள்வி இது. இ20 என்றால் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் ஏற்கனவே ஆக்சிஜன் இருப்பதால், அதே அளவு எரிபொருளுக்குக் குறைவான காற்று போதும். கலப்படமில்லாத பெட்ரோல் 1 கிலோ எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும் என்றால், இ20-க்குச் சுமார் 13.5 கிலோ போதும்.

புது பைக்குகளில் சென்சார் இருக்கிறது; தானாகவே சரிசெய்துகொள்ளும். ஆர்எக்ஸ் 100-ல் இருப்பது அந்தக் காலத்துப் பெட்ரோலுக்குச் செட் செய்த கார்புரேட்டர். அதற்கு எதுவும் தெரியாது. அதே ஜெட்டில் இ20 போனால், இன்ஜினைப் பொறுத்தவரை அது லீன்தான்.

என்ன செய்யலாம்? பிளக்கின் நிறத்தைப் பார்த்து, தேவைப்பட்டால் மெயின் ஜெட்டை ஒரு அளவு ஏற்றலாம், நீடில் கிளிப்பை ஒரு படி மாற்றலாம். இது மெக்கானிக்கோடு உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை.

எத்தனால் ரப்பரையும் பதம் பார்க்கும், காற்றின் ஈரத்தையும் இழுக்கும். பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டையும் மாற்ற வேண்டி வரலாம் என்று மத்திய பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் சொல்லியிருந்தது. பெட்ரோல் குழாய், கார்புரேட்டர் ஓ-ரிங் இரண்டையும் ஒரு தடவை மாற்றிவிடுங்கள். வண்டியை வாரக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால், பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, கார்புரேட்டர் கிண்ணத்தில் உள்ள பெட்ரோலை வடித்துவிடுவது நல்லது.

பிளக் சொல்லும் ஜாதகம்

இன்ஜினுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்ல, பிரிக்காமலே ஒரு ஜன்னல் உண்டு. அதுதான் ஸ்பார்க் பிளக். கொஞ்ச தூரம் நன்றாக ஓட்டிவிட்டு, இன்ஜினை நிறுத்தி, ஆறியதும் கழற்றிப் பாருங்கள்.

- காபித்தூள் நிறம்: எல்லாம் நலம்.
- கறுப்பாக, ஈரமாக: ஆயில் அதிகம், அல்லது கிளட்ச் பக்கத்து சீல் போயிருக்கலாம்.
- கறுப்பாக, காய்ந்த புகைக்கரி: பெட்ரோல் அதிகம். ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், சோக் முழுதாக மூடாமல் இருக்கலாம்.
- வெள்ளையாக, சுண்ணாம்பு மாதிரி: லீன். சூடு எல்லை மீறுகிறது. காற்று எங்கே புகுகிறது என்று தேடுங்கள்.
- பளபளவென்று சின்னச் சின்ன உலோகப் புள்ளிகள்: பிஸ்டன் உருகத் தொடங்கிவிட்டது. அதற்குமேல் ஒரு கிக்கூட அடிக்காதீர்கள்.

பிளக் இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ. கடைக்காரர் வேறு நம்பர் கொடுத்தால் யோசித்து வாங்குங்கள். என்.ஜி.கே. பிளக்குகளில் நம்பர் ஏற ஏற அது 'குளிர்' பிளக். வேறு சில பிராண்டுகளில் நம்பர் போகும் திசையே தலைகீழ். தவறான சூட்டு எண் போட்டால் இன்ஜின் தேவையில்லாமல் கொதிக்கும்.

"வண்டி இழுக்க மாட்டேங்குது": சைலன்சரைப் பாருங்கள்

எரிந்த ஆயில் முழுவதும் புகையாகப் போய்விடாது. ஒரு பகுதி கார்பனாகப் படியும். சிலிண்டரின் புகைவழி, ஹெட், பிஸ்டன் தலை, சைலன்சருக்குள் இருக்கும் பேஃபிள்... இந்த நாலும்தான் படியும் இடங்கள். வழி அடைத்தால் புகை வெளியேறாது. புகை போகாவிட்டால் புதுக் காற்று உள்ளே வராது. பலர் கார்புரேட்டரை மூன்று தடவை கழற்றி மாட்டிய பிறகுதான் சைலன்சரைப் பார்ப்பார்கள்.

பேஃபிளை உருவி, எரித்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து மாட்டுவது காலங்காலமாக நடக்கும் வைத்தியம்தான். ஹெட்டும் பிஸ்டனும் அலுமினியம் என்பதால் ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டக் கூடாது. மூங்கில் சீவலோ பிளாஸ்டிக் துண்டோ போதும். ரிங் உட்காரும் காடியைச் சுத்தம் செய்ய, உடைந்த பழைய ரிங்கே சரியான கருவி. காடியில் கார்பன் இறுகினால் ரிங் அசையாமல் ஒட்டிக்கொள்ளும், கம்ப்ரஷன் போய்விடும்.

பேஃபிளைக் கழற்றிவிட்டே ஓட்டுவது வேறு கதை. சத்தம் ஊரைக் கூட்டும். கூடவே கலவையும் மாறி லீன் ஆக வாய்ப்பு அதிகம்.

ஓட்டுகிற விதத்திலும் இருக்கு!

காலையில் கிக் அடித்ததும் முறுக்கிக்கொண்டு பறக்க வேண்டாம். பிஸ்டன் சட்டென்று சூடாகி விரிந்துவிடும். சிலிண்டர் இன்னும் குளிர்ந்தே இருக்கும். இடைவெளி போதாமல் குளிர்ந்த இன்ஜினிலேயே பிஸ்டன் பிடிக்கும். இரண்டு நிமிஷம் ஐடிலில் விட்டு, முதல் ஒன்றிரண்டு கிலோமீட்டர் நிதானமாகப் போனால் போதும்.

பைபாஸில் முழு ஆக்சிலரேட்டரில் பல நிமிஷம் ஒரே நிலையில் பிடிக்காதீர்கள். நடுநடுவே விட்டுவிட்டு முறுக்குங்கள்.

மலை இறக்கம் ரொம்ப முக்கியம். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது ஆக்சிலரேட்டரை முழுவதும் மூடிவிட்டு, கியரில் இன்ஜின் பிரேக் பிடித்தே வருவோம். இன்ஜின் வேகமாகச் சுற்றும். பெட்ரோல் ஏறக்குறைய போகாது. கலந்து ஓட்டும் வண்டியில் பெட்ரோல் போகாவிட்டால் ஆயிலும் போகாது. அதனால் அவ்வப்போது கிளட்ச் பிடித்து லேசாக ஒரு ரேஸ் கொடுங்கள். ஆயில் பம்ப் உள்ள வண்டியில் இந்த ஆபத்து குறைவு. இன்ஜின் சுற்றும்வரை பம்ப் கொஞ்சமாவது ஆயில் தந்துகொண்டிருக்கும்.

பிடித்தே விட்டது... என்ன செய்வது?

விரல் எப்போதும் கிளட்ச் மேல் இருக்கட்டும். இழுவை சட்டென்று குறைந்து சத்தம் மாறினால் உடனே கிளட்ச்சைப் பிடியுங்கள். பின் சக்கரம் விடுபட்டுவிடும், வண்டி உருளும். பதறி முன் பிரேக்கை அழுத்தாமல் ஓரம் கட்டுங்கள். ஹைவேயில் உயிரைக் காப்பாற்றுவது இந்த ஒரு நொடிதான்.

அடுத்து, ஆறியதும் ஸ்டார்ட் செய்து ஓட்டிப் போகும் ஆசையை விடுங்கள். லேசான பிடிப்பு என்றால் பிஸ்டனின் அலுமினியம் மட்டும் சுவரில் ஒட்டியிருக்கும். அதை எடுத்துவிட்டு, லேசாக ஹோனிங் செய்து, பிஸ்டன் ரிங் மாற்றி, அதே அளவிலேயே தப்பிக்க வாய்ப்புண்டு. அதே நிலையில் 20 கிலோமீட்டர் ஓட்டினால் கண்டிப்பாக ஒரு போர். குட்டி யானையில் ஏற்றிக் கொண்டுபோகிற வாடகை, போர் வேலையோடு பார்த்தால் லாபம்தான்.

மெக்கானிக்கிடம் முதலில் கேட்க வேண்டியது, "ஏன் பிடிச்சது?" காரணத்தைக் கண்டுபிடிக்காமல் போர் மட்டும் பண்ணினால், அடுத்த அளவும் சீக்கிரமே போய்விடும்.

போர் வேலைக்குக் கொடுக்கும்போது கேட்க வேண்டிய 6 விஷயங்கள்

1. பிஸ்டனை முதலில் வாங்குங்கள். அதை அளந்து பார்த்துத்தான் சிலிண்டரைக் கடைய வேண்டும். முதலில் கடைந்துவிட்டு அப்புறம் பிஸ்டன் தேடக் கூடாது.

2. கடைந்த பிறகு போர்ட் திறப்புகளின் கூர்மையான விளிம்பை மழுக்கினார்களா? இல்லாவிட்டால் ரிங் அதில் மாட்டி உடையும்.

3. ரிங்கைத் தனியாக சிலிண்டருக்குள் வைத்து முனை இடைவெளி பார்த்தார்களா? 0.15 முதல் 0.35 மி.மீ. வரை இருக்கலாம்.

4. பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்கிறதா?

5. பிஸ்டன் பின் லாக்குகள் புதிதா? கழற்றியதையே மாட்டக் கூடாது. அது ஒன்று தெறித்தால் புது சிலிண்டர் சுவர் அங்கேயே காலி.

6. கனெக்டிங் ராடில் ஆட்டம், கிரேங்க் பேரிங் சத்தம், இரண்டு ஆயில் சீல்... இவற்றையும் அப்போதே பார்த்தாயிற்றா?

புது போர் போட்ட வண்டியை முதல் 500 கி.மீ. வரை 50-ஐத் தாண்டாமல், வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டுங்கள். கலந்து ஓட்டுபவர்கள் லிட்டருக்கு 30 மி.லி.க்குக் குறையாமல் ஊற்றுங்கள்.

மண் ரோடு, டிரெயில் போறவங்களுக்கு...

டூ-ஸ்ட்ரோக் காலம் முடிந்துவிட்டது என்று நினைத்தால் தவறு. காடு, பாறை, சேறு எல்லாம் தாண்டும் 'எண்டுரோ' பந்தயங்களில் அதுதான் இன்றும் ராஜா. ஆஸ்திரியாவின் இரும்புச் சுரங்கத்தில் 1995 முதல் நடக்கும் எர்ஸ்பெர்க் ரோடியோ போன்ற போட்டிகளில் 300 சிசி டூ-ஸ்ட்ரோக்குகளைத்தான் அதிகம் பார்க்கலாம். எடை குறைவு, பாகங்கள் குறைவு, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு என்பதால் இழுவை உடனே கிடைக்கும். கேடிஎம் நிறுவனம் 2018 மாடலில் இருந்து அதில் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனையே கொண்டுவந்துவிட்டது.

அந்த வண்டிகளில் பெரும்பாலும் சிலிண்டருக்குள் இரும்பு ஸ்லீவ் கிடையாது, நிக்கல் பூச்சுதான். அதைக் கடைந்து பெரிதாக்க முடியாது, மறுபடி பூச்சு போட வேண்டும். அதனால் பராமரிப்பும் கறார். கிலோமீட்டர் பார்க்க மாட்டார்கள். இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று கணக்கு வைத்து, பிடிப்பதற்கு முன்பே பிஸ்டனை மாற்றிவிடுவார்கள். ஏர் ஃபில்டரை ஒவ்வொரு முறை ஓட்டி முடித்ததும் கழுவுவார்கள்.

ஆர்எக்ஸை எடுத்துக்கொண்டு மண் ரோட்டில் இறங்குபவர்கள் பின்பற்ற வேண்டியதும் அதேதான். ஓடை கடக்கும்போது இன்ஜினுக்குள் தண்ணீர் போய்விட்டால் உடனே கிக் அடிக்காதீர்கள். பெட்ரோல் டேப்பை மூடி, பிளக்கைக் கழற்றி, நிதானமாகக் கிக்கரை மிதித்துத் தண்ணீரை வெளியேற்றிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

சொந்த உபயோக வண்டியின் ஆர்.சி. 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பிறகு ஒவ்வொரு முறையும் 5 ஆண்டுகளுக்குப் புதுப்பிக்க வேண்டும். புகைச் சான்றிதழும் கட்டாயம். 2000 மார்ச் மாதத்துக்கு முன் தயாரான இருசக்கர வாகனங்களுக்கு கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 9,000 பி.பி.எம். என்பதுதான் வரம்பு. கார்பன் எடுத்து, ஆயில் அளவைச் சரியாக வைத்திருக்கும் வண்டிக்கு இது எட்டக்கூடிய வரம்புதான்.

ஆர்.சி.யில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. பழைய ஆர்எக்ஸ் வாங்குபவர்கள் இன்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்த கேள்வியாக, "சிலிண்டர் எத்தனாவது போர்ல இருக்கு?" என்று கேளுங்கள். பெயிண்ட்டும் குரோமும் எவ்வளவு மின்னினாலும், வண்டியின் மிச்ச ஆயுளைச் சொல்வது இந்தக் கேள்விக்கான பதில்தான்.

சுருக்கமாக...

- ஒவ்வொரு முறை எடுக்கும்போதும்: ஆயில் இருக்கிறதா, பெட்ரோல் டேப் திறந்திருக்கிறதா.
- மாதம் ஒருமுறை: ஏர் ஃபில்டர் சுத்தம், பிளக் நிறம்.
- வருஷம் ஒருமுறை: கியர் ஆயில் மாற்றம், கார்பன் எடுப்பது, ரப்பர் இணைப்பும் பெட்ரோல் குழாயும் சரிபார்ப்பு.
- இன்ஜினைப் பிரிக்கும் ஒவ்வொரு முறையும்: இரண்டு ஆயில் சீலும் புதிது.

கடைசியாக ஒன்று. ஒவ்வொரு முறை போர் பண்ணும்போதும் அளவையும் தேதியையும் ஒரு சீட்டில் எழுதி, ஆர்.சி. நகலோடு வைத்துவிடுங்கள். இன்னும் எத்தனை வாய்ப்பு மிச்சம் என்பது உங்களுக்கும் தெரியும், உங்களுக்குப் பிறகு அந்த வண்டியை ஓட்டப்போகிறவர்களுக்கும் தெரியும்.